கீழ்த்தளத்தில் என்ன இருக்கப்போகிறது?

கேள்வி: எங்கள் கடைத்தெருவில் பழைய தியேட்டர் இருந்த இடத்தில் ஐந்து மாடி ஜவுளிக்கடை வரப்போகிறது. இப்போதே பஸ் திரும்ப முடியாத தெரு அது. எதிர்த்துப் பேசினால், "ஊர் முன்னேறுவது பிடிக்கவில்லையா? அதுதான் கீழ்த்தளத்தில் பார்க்கிங் இருக்கிறதே" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– தஞ்சை மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: அந்தக் கீழ்த்தளத்தைத்தான் நீங்கள் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குக் குடும்பத்தோடு போனேன். பார்க்கிங் நிறைந்துவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். வண்டியை எங்கோ தெருவில் நிறுத்திவிட்டு வந்து, லிஃப்டில் தவறான பொத்தானை அழுத்தியதால் அந்தக் கீழ்த்தளத்திலேயே போய் இறங்கினோம். ஒரு கார்கூட இல்லை. தூண்களில் மஞ்சள் பெயின்டில் கார் நிறுத்தும் இடங்களின் எண் எழுதியிருந்தது. அந்த எண்களைப் பாதி மறைத்தபடி கூரைவரை சேலைப் பெட்டிகள்! வெளியே அந்தக் கடையின் காவலாளி விசில் ஊதி டவுன் பஸ்ஸை நிறுத்திக்கொண்டிருந்தார், வாடிக்கையாளர் ஒருவரின் கார் ரிவர்ஸ் எடுப்பதற்காக. பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

எனக்கு இதில் கோபம் வருவது எங்கே தெரியுமா? வியாபாரம் கடைக்காரருடையது, இடநெருக்கடி மட்டும் ஊருடையது.

சென்னை தியாகராய நகரைப் பாருங்கள். விதி மீறிய பிறகு திருத்த முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒருமுறைதான் என்றார்கள். அப்புறம் கெடுவை நீட்டிக்கொண்டே போனார்கள். அந்த நீட்டிப்புகள் செல்லாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2007-ல் கட்டடங்களைக் காப்பாற்ற அவசரச் சட்டம் வந்தது. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டடம் தீப்பிடித்தபோது, முழுதாக அணைக்க ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. கடைசியில் கட்டடத்தையே இடித்துத் தள்ளினார்கள். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதை வளாகம், 2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு ஆகாய நடைபாதை என்று பிறகு பொதுப்பணத்தில் வேலை நடந்தது. நல்ல வேலைதான். ஆனால் உங்கள் ஊர் நகராட்சியிடம் அவ்வளவு பணம் ஏது?

அதனால் அஸ்திவாரம் தோண்டும் முன்பே கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, அனுமதிக்கப்பட்ட வரைபடத்தை வாங்குங்கள். ஒரு கார் நிற்க விதிப்படி 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் வேண்டும். வண்டி வளைந்து போக வழி தனி. ஸ்கேலை வைத்து நீங்களே அளந்து பார்க்கலாம். கீழ்த்தளத்துக்கு இறங்கும் வழி தெரு ஓரத்திலேயே தொடங்கினால், உள்ளே எத்தனை இடம் இருந்தாலும் வரிசை பஸ் ஓடும் பாதையில்தான் நிற்கும். சரக்கு லாரி எத்தனை மணிக்கு வரும், எங்கே நின்று இறக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். போக்குவரத்தை எண்ணினோம் என்று யாராவது சொன்னால், எந்தக் கிழமை என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமை காலைக் கணக்கு எதற்கும் உதவாது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எண்ண வேண்டும்.

உங்கள் பக்கத்துக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். எதிர்ப்பவர்களில் பழைய கடைக்காரர்களும் இருப்பார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்ற அவர்கள் பயம் நியாயமானது. அதை அப்படியே சொல்லட்டும். ஆனால் நெரிசலைப் பற்றிப் பேசுகிறவர், தன் கடை வாசலில் ரோட்டுவரை நிறுத்தியிருக்கும் துணி மாட்டிய பொம்மைகளை முதலில் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும், உங்கள் மனு அங்கேயே விழுந்துவிடும்.

வரைபடம் கைக்கு வந்ததும், கீழ்த்தளம் என்று போட்டிருக்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.