ரக்பி லீக்கில் வீரர் இடமாற்ற வதந்திகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? பேச்சு கடைசியில் ஏன் கிளப் முதலாளி சண்டையிலேயே போய் நிற்கிறது?

"இன்னார் வருகிறார்" என்று கிளம்பும் வதந்தியில் முக்கால்வாசியைக் காற்றில் விட்டுவிடலாம். "இன்னார் போகிறார்" என்று வருவதை, அதுவும் ஒரே கிளப்பிலிருந்து அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் என்று வந்தால், நம்பிவிடலாம். வருகிறவரைப் பற்றிய பேச்சைக் கிளப்புவது பெரும்பாலும் முதலாளியின் வாய். போகிறவரைப் பற்றிய பேச்சைக் கிளப்புவது அதே முதலாளியின் காலிப் பை. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

நான் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் சில வருடங்களாக இருக்கிறேன். ஊரிலிருந்தவரை கிரிக்கெட் தவிர வேறு எதையும் முழுதாக உட்கார்ந்து பார்த்தவன் இல்லை. கூட வேலை பார்க்கிற ஒருவர், தாத்தா காலத்திலிருந்தே சால்ஃபோர்ட் ரெட் டெவில்ஸ் ரசிகர், டீ இடைவேளையில் போனை நீட்டி நீட்டியே என்னையும் இதற்குள் இழுத்துவிட்டார். அதனால் நான் சொல்வதில் இந்த ஊர்க் கதைதான் அதிகம் இருக்கும்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 15 பேர் ஆடுவது ரக்பி யூனியன், 13 பேர் ஆடுவது ரக்பி லீக். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்து கிளப்கள் கூடிப் பேசித் தனியாகப் பிரிந்துபோனதில் பிறந்தது இது. சனிக்கிழமை மில்லுக்கும் சுரங்கத்துக்கும் போகாமல் ஆட வருகிறவனுக்கு அன்றைய கூலியைக் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் தகராறு. பிறந்ததே பணத் தகராறில்.

இன்றைய பணக் கணக்கு இது: இங்கிலாந்தின் முதல் டிவிஷனான சூப்பர் லீக்கில் ஒரு கிளப் தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து வருடத்துக்கு 21 லட்சம் பவுண்டுதான் சம்பளம் கொடுக்கலாம். நட்சத்திர வீரர் ஓரிருவருக்கு மட்டும் சலுகை உண்டு, அவர்கள் சம்பளத்தில் ஒரு பகுதிதான் இந்த வரம்புக்குள் சேரும். மான்செஸ்டரில் ஒரு முன்னணிக் கால்பந்து வீரர் சில மாதங்களில் வாங்கிவிடுகிற தொகை இது. வீரனை விற்று லாபம் பார்ப்பதும் இங்கே அரிது. ஒப்பந்தம் முடிந்ததும் பலர் கிளப்புக்குக் காசு எதுவும் கிடைக்காமலே நடந்துபோய்விடுவார்கள். டிக்கெட் காசு, தொலைக்காட்சிப் பங்கு எல்லாம் போக விழுகிற துண்டை வருடா வருடம் யாரோ ஒருவர் தன் பையிலிருந்து போட்டாக வேண்டும். லீட்ஸுக்கு ஒரு கட்டுமான நிறுவனக்காரர், வாரிங்டனுக்கு இசை நிகழ்ச்சிகள் நடத்துகிறவர், பிரான்சிலிருந்து ஆடும் கட்டலன்ஸ் டிராகன்ஸுக்கு ஒரு இறைச்சி வியாபாரி. அந்த ஒரு ஆளுக்குச் சலிப்புத் தட்டினால் அடுத்த சீசன் அணியே ஆட்டம் கண்டுவிடும். ரசிகர்கள் முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

வதந்தி எங்கே பிறக்கிறது? பெரும்பாலும் ஏஜென்டிடம். ஒப்பந்தம் முடியப் போகிற வீரரின் ஏஜென்ட் ஒரு நிருபரின் காதில் "ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு கிளப் கேட்கிறார்கள்" என்று போட்டுவைப்பார். மறுவாரம் பழைய கிளப்பே சம்பளத்தைக் கூட்டித் தரும், கேட்டதாகச் சொன்ன இரண்டு கிளப்பும் எதுவென்று யாருக்கும் தெரியவராது. மீதி எல்லாம் ரசிகர்களின் துப்பறியும் வேலை. வீரர் பழைய கிளப்பை இன்ஸ்டாகிராமில் அன்ஃபாலோ செய்தார், வேறு ஊர்ப் பயிற்சி மைதானத்தில் அவர் கார் நின்றது, வீட்டு வாசலில் "விற்பனைக்கு" பலகை வந்துவிட்டது. இதில் வீட்டுப் பலகைக்கு மட்டும் நான் கொஞ்சம் மதிப்புக் கொடுப்பேன்.

ஆஸ்திரேலியாவில் இது இன்னும் வேடிக்கை. அங்குள்ள முதல்நிலை லீக்கான என்ஆர்எல் விதிப்படி, ஒப்பந்தத்தின் கடைசி சீசன் தொடங்குவதற்கு முந்தைய நவம்பர் 1-லிருந்தே வீரர் வேறு கிளப்போடு பேசலாம். அதாவது ஒரு முழு சீசன் இந்தச் சட்டையில் ஆடிக்கொண்டே அடுத்த சட்டைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். முன்பு இருந்த விதி அதைவிட மோசம்: கையெழுத்துப் போட்ட பிறகும் 13-வது சுற்று வரை மனம் மாறலாம். 2015-இல் மேன்லி அணியின் டேலி செர்ரி-எவன்ஸ் அடுத்த சீசனிலிருந்து கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸுக்கு ஆட ஒத்துக்கொண்டு, ஜூனில் "இல்லை, இங்கேயே இருக்கிறேன்" என்று திரும்பிவிட்டார். அந்த டைட்டன்ஸ் அதே வருடம் பிப்ரவரியில்தான் திவால் நிலைக்கு வந்து லீக் நிர்வாகமே எடுத்து நடத்தும் நிலையில் இருந்தது. முதலாளி இல்லாத கிளப் ஒரு பெரிய வீரனைப் பிடித்துவைக்க முடியவில்லை. அவர் மாறியதற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் டைட்டன்ஸுக்கு அது உதவியிருக்க வாய்ப்பில்லை.

வேறு கிளப்புக்குக் கையெழுத்துப் போட்டவன் மனசு வைத்து ஆடுவானா என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர்ப் பதில் ஜாக்சன் ஹேஸ்டிங்ஸ். 2019 சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே சால்ஃபோர்டில் ஆடிய அவர் அடுத்த வருடம் இன்னொரு சூப்பர் லீக் கிளப்பான விகனுக்குப் போகிறார் என்பது ஊரறிந்த செய்தி. அந்த இலையுதிர் காலத்தில் இறுதிப் போட்டிக்கு யார் என்ற ஆட்டத்தில் சால்ஃபோர்ட் எதிர்கொண்டது அதே விகனை, அதுவும் விகன் மைதானத்தில். 28-4 என்று ஜெயித்தது சால்ஃபோர்ட். அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான 'மேன் ஆஃப் ஸ்டீல்' விருதும் ஹேஸ்டிங்ஸுக்குத்தான். இறுதிப் போட்டியில் செயின்ட் ஹெலன்ஸிடம் 23-6 என்று தோற்றார்கள், அது வேறு.

இப்போது முதலாளி கதைக்கு வருகிறேன். 2013-இல் சால்ஃபோர்ட் கிளப் மூடப்படும் நிலையில் இருந்தபோது மர்வான் கூக்காஷ் என்ற ரேஸ் குதிரை முதலாளி கைகொடுத்தார். அடுத்த சீசனுக்கு ரங்கி சேஸ், அட்ரியன் மோர்லி, ஃபிரான்சிஸ் மெலி, கேரத் ஹாக் என்று பெரிய பெயர்களாக இறக்கினார். இன்னும் யார் யாரோ வருகிறார்கள் என்ற பேச்சு வாராவாரம் வரும் என்று நண்பர் இப்போதும் கண் மினுங்கச் சொல்வார். சம்பள வரம்பே தப்பு என்று மற்ற முதலாளிகளோடு மல்லுக்கு நின்றார் கூக்காஷ். 2014, 2015 சீசன்களில் வரம்பை மீறியதாகத் தீர்ப்பாகி 2016-இல் ஆறு புள்ளி பறிபோனது. அதன் விளைவு அந்த அக்டோபர் 1-ஆம் தேதி, 'மில்லியன் பவுண்ட் கேம்' என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒற்றை ஆட்டம். தோற்கிறவர் கீழ் டிவிஷனுக்கு. எதிராளி ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ், ஆட்டமும் அவர்கள் ஊரில். கடைசி நிமிடங்கள் வரை 18-10 என்று ரோவர்ஸ் கை ஓங்கியிருந்தது. இரண்டு ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் பதிப்பது) போட்டு 18-18 ஆக்கினார்கள் சால்ஃபோர்ட். கூடுதல் நேரத்தில் முதல் புள்ளி எடுப்பவர் ஜெயிப்பார் என்ற கட்டத்தில் கேரத் ஓ'பிரையன் தூரத்திலிருந்து உதைத்த டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைப்பது, ஒரு புள்ளி) கம்பங்களுக்கு நடுவே போய்விட்டது. 19-18. ரோவர்ஸ் கீழே இறங்கியது.

அந்த இரவோடு நிறுத்திப் பார்த்தால் பணக்கார முதலாளி கட்சிதான் ஜெயித்தது. ஆனால் 2018-இல் கூக்காஷ் கிளப்பை ரசிகர் அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டு விலகினார். இங்கேதான் பலர் எதிர்பார்க்காத திருப்பம்: பெரிய முதலாளி இல்லாத அடுத்த இரண்டு வருடங்களில்தான் சால்ஃபோர்ட் 2019 கிராண்ட் ஃபைனலுக்கும் (சூப்பர் லீக் இறுதிப் போட்டி) 2020 சேலஞ்ச் கப் (நாக்-அவுட் கோப்பை) இறுதிக்கும் போனது. அந்த இரண்டாவதில் லீட்ஸிடம் ஒரே ஒரு புள்ளியில், 17-16 என்று தோல்வி. காலி மைதானத்தில், கொரோனா காலத்தில். ஆகவே "பணக்காரர் வந்தால் எல்லாம் சரியாகும்" என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஆனால் ரசிகர் கையில் இருந்தால் போதும் என்பவர்களோடும் ஒத்துப்போவதில்லை. துண்டு விழுந்துகொண்டேதான் இருந்தது. வில்லோஸ் என்ற பழைய மைதானம் போய் அங்கே வீடுகள் எழும்பிவிட்டன. எம்60 மோட்டார்வே ஓரத்தில் உள்ள புதிய மைதானத்தில் கிளப் வெறும் குடக்கூலிக்காரர். அடகு வைக்கச் சொந்தமாக ஒரு செங்கல்கூடக் கிடையாது.

2024-இல் பட்டியலில் நான்காவது இடம். அதே நவம்பரில், லீக் கிளப்களுக்குப் பிரித்துத் தரும் அடுத்த வருட மத்திய நிதியிலிருந்து 5 லட்சம் பவுண்டை முன்பணமாகக் கேட்டு வாங்கியது நிர்வாகம். அப்போதிருந்தே "போகிறார்" வகை வதந்திகள் வரிசைகட்டின. ஒரு வீட்டு நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போவது வங்கிக்குத் தெரிவதற்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்துவிடும் அல்லவா, அந்த மாதிரி. 2025 பிப்ரவரியில் ஒரு சுவிஸ் தொழிலதிபரை முன்னிறுத்தி ஒரு முதலீட்டுக் குழு கிளப்பை வாங்கியது. ஊரே கொண்டாடியது. பணம் வந்து சேரும்வரை 12 லட்சம் பவுண்டுக்குள் அடங்கும் அணியைத்தான் இறக்கலாம் என்றது இந்த விளையாட்டை நிர்வகிக்கும் ரக்பி ஃபுட்பால் லீக். அந்த இழுபறியில் பிப்ரவரி 15 அன்று முதல் ஆட்டத்தில் செயின்ட் ஹெலன்ஸுக்கு எதிராக இறங்கியது பெரும்பாலும் சின்னப் பையன்கள். 82-0 என்று தோல்வி. அடுத்த நாள் நண்பர் போனை நீட்டவில்லை.

பிறகு சம்பளம் தாமதம், மறுபடி தாமதம். கேப்டன் கல்லம் வாட்கின்ஸ் தன் பழைய கிளப் லீட்ஸுக்குத் திரும்பிவிட்டார். மார்க் ஸ்னெய்ட் வாரிங்டன் போனார். ஜூன் 7 அன்று வெம்ப்ளியில் சேலஞ்ச் கப் இறுதியில் வாரிங்டன் தோற்றும், ஆட்டநாயகனுக்கான லான்ஸ் டாட் கோப்பையை மூன்றாவது முறையாக வாங்கியது அதே ஸ்னெய்ட். அந்த வதந்திகள் எல்லாம் பொய் என்று மறுத்துக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு வாயே திறக்கவில்லை. வரித்துறை போட்ட வழக்கு பலமுறை தள்ளிப்போய், டிசம்பர் 3 அன்று நீதிமன்றம் கிளப் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. 1873-இலிருந்து வந்த கிளப்.

வெம்ப்ளியில் அன்று 8-6 என்று கோப்பையைத் தூக்கியது யார் தெரியுமா? ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். 2016-இல் கீழே விழுந்த அதே ரோவர்ஸ். 1985-க்குப் பிறகு பெரிய கோப்பை எதுவும் பார்க்காதவர்கள், 2025-இல் சேலஞ்ச் கப், லீக் முதலிடம், கிராண்ட் ஃபைனல் என்று மூன்றையும் அள்ளினார்கள். முதலாளி நீல் ஹட்ஜெல் ஒரு வக்கீல். தபால் நிலைய ஊழியர்கள் அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட வழக்குகளில் அவர்கள் பக்கம் நின்ற சட்ட நிறுவனம் அவருடையது. கிளப்பை விற்றுவிடப் போவதாக இடையில் அவரும் சொன்னதுண்டு. ஆனால் போகவில்லை. 2016-இல் இறங்கியபோதும் போகவில்லை. அவர் காலத்தில் ரோவர்ஸைப் பற்றிய "வருகிறார்" வதந்திகள் சால்ஃபோர்டில் பாதிகூட ருசியாக இருந்ததில்லை என்பது என் எண்ணம்.

முதலாளிகளின் அரசியல் கிளப்போடும் முடிவதில்லை. 2025 மார்ச்சில் கிளப்களின் நெருக்குதலில் ரக்பி ஃபுட்பால் லீக் தலைவரே விலக, முன்னாள் தலைமை நிர்வாகி நைஜல் வுட் திரும்ப வந்தார். 2026-க்கு சூப்பர் லீக் 12-லிருந்து 14 கிளப் ஆனது. யார் மேலே, யார் கீழே என்பதை இப்போது ஆட்ட முடிவு மட்டும் தீர்மானிப்பதில்லை. வரவு செலவு, மைதானம், கூட்டம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மதிப்பெண்ணில் சால்ஃபோர்ட் வெளியே போக, உள்ளே வந்தவர்களில் ஒன்று பிராட்ஃபோர்ட் புல்ஸ். அதன் பழைய நிறுவனமே 2017 ஜனவரியில் கலைக்கப்பட்டதுதான்! சால்ஃபோர்ட் பெயரில் புதிய நிறுவனம் ஒன்று, முன்னாள் வீரர் மேசன் கேட்டன்-பிரவுன் சேர்ந்த குழுவின் கையில், இரண்டாம் டிவிஷனுக்கு இடம் வாங்கியிருக்கிறது.

உங்கள் அபிமான கிளப் எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. இங்கிலாந்துக் கிளப் என்றால் வதந்திப் பக்கங்களோடு இன்னொன்றையும் பாருங்கள்: கம்பனீஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவுத் தளத்தில் கிளப்பின் நிறுவனப் பெயரைப் போட்டால், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் தேதி தாண்டிவிட்டதா, இயக்குநர்கள் யாராவது சமீபத்தில் விலகினார்களா, சொத்தின் மீது புதிதாகக் கடன் பதிவாகியிருக்கிறதா என்று இலவசமாகவே தெரியும். கணக்கும் தாமதம், இரண்டு இயக்குநர்களும் விலகல் என்றால், அடுத்த வாரம் உங்கள் ஹாஃப்-பேக் (ஆட்டத்தை வழிநடத்தும் வீரர்) பெயர் வேறு ஊர்ப் பத்திரிகையில் வரும்போது ஆச்சரியப்பட மாட்டீர்கள்.