எலும்பு தெரிந்தால் எலும்புக் குறியீடா?

கேள்வி: கல்முனையில் வீட்டிலிருந்தபடி அமெரிக்க கிளினிக் ஒன்றுக்கு மருத்துவக் குறியீட்டு வேலை (வைத்தியரின் குறிப்பைப் பில்லுக்கான எண்களாக மாற்றுவது) செய்கிறேன். நீரிழிவுப் பாதப் புண் ஒன்றுக்கு டிபிரைட்மென்ட் (இறந்த இழையங்களை அகற்றும் சிகிச்சை) செய்த வைத்தியர், "அடியில் எலும்பு தெரிகிறது. இறந்த தசை கத்தியால் வெட்டி அகற்றப்பட்டது. வெட்டிய பரப்பு 6 x 5 சென்ரிமீற்றர்" என்று எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் சி.பி.டி. சிகிச்சைக் குறியீடுகளில் 11044 போடலாமா?

பதில்: போடக் கூடாது. 11044 என்பது எலும்பையே வெட்டி எடுத்ததற்கு உரியது. உங்கள் வைத்தியர் எடுத்தது தசை, ஆகவே 11043. அது முதல் 20 சதுர சென்ரிமீற்றருக்கு மட்டுமே. மிஞ்சிய 10-க்கு, மேலதிகப் பரப்புக்கான 11046-ஐ ஒருமுறை சேருங்கள். புண் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு நோய்க் குறியீட்டில்தான் இடம். அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-10-சி.எம்.-இன் எல்97 தொகுதி (காற்புண்கள்) அதற்காகவே தசை, எலும்பு எனப் பிரித்து வைத்திருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான பில்கள் திரும்பி வருகின்றன என்பது என் எண்ணம்.

அதே நாளில் மற்றக் காலிலும் தசை வெட்டப்பட்டிருந்தால் இரு பரப்பையும் கூட்டுங்கள். அங்கே தோலடிக் கொழுப்பு மட்டும் அகற்றப்பட்டிருந்தால் கூட்டாமல், அதற்குரிய 11042-ஐ, இது வேறு இடத்தில் செய்தது என்று காட்டும் 59 என்ற மாற்றுக்குறியோடு தனியே எழுதுங்கள். மேலே படிந்த அழுகலை மட்டும் வழித்தெடுத்ததென்றால் 97597 போதும்.

உண்மையான சிக்கல் "தசை வரை வெட்டப்பட்டது" என்ற வரியில் இருக்கிறது. தசையும் வெட்டப்பட்டதா, தசைக்கு மேலே நிறுத்தப்பட்டதா? ஊகிக்காதீர்கள், வைத்தியரிடமே கேளுங்கள். "தசையை வெட்டினீர்கள்தானே?" என்று பதிலை வாயில் ஊட்டாமல், "எந்த இழையங்களை அகற்றினீர்கள்?" என்று கேளுங்கள். அவர் திகதியிட்டுப் பிற்சேர்க்கையாக எழுதிய பின்னரே குறியீடு.

நம் அரச வைத்தியசாலைகளில் இந்தச் சி.பி.டி. குறியீடுகளுக்கு வேலையில்லை, அங்கே பொதுவாகப் பில்லும் இல்லை. ஆயினும் அம்பாறையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்படும் நோயாளியின் கால், எந்த இழையம், எவ்வளவு பரப்பு என்று முந்தைய வைத்தியர் எழுதிய வரியை நம்பியே அடுத்த சத்திரசிகிச்சைக்குப் போகிறது. விடுதித் தாதியரும் இதை வற்புறுத்த வேண்டும்.

விடுதியில் தங்கிய நோயாளிக்கு அமெரிக்க வைத்தியசாலையின் சார்பில் குறியிட நேர்ந்தால் விதி வேறு. அங்கே சி.பி.டி.-க்குப் பதிலாக ஐ.சி.டி.-10-பி.சி.எஸ். என்ற சிகிச்சைக் குறியீட்டுத் தொகுதி. "கூரிய கருவியால்" என்ற சொல் மட்டும் போதாது. வெட்டி அகற்றியதாக வைத்தியர் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.