டிஃபரன்ஷியலில் ஆயில் கசிகிறது, சீலை மாற்றிவிடலாமா?

பின்சக்கரங்களை இயக்கும் வேகக் கார், பந்தயத் தடத்தில் ஓட்டிவிட்டு வந்தால் டிஃபரன்ஷியலின் (என்ஜின் சக்தியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) இடப்பக்கம் ஈரம், ஆக்சில் ஆயில் சீலை (ஆக்சில் நுழையுமிடத்தில் ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றச் சொல்கிறது பட்டறை. மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். கடைசியாக அதில் ஆயில் ஊற்றியபோது கார் சமமாக நின்றிருந்ததா?

என்னிடம் இருப்பதும் அதே வகைக் கார்தான். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டப் போகுமுன் வீட்டிலேயே டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றினேன். பின்பக்கத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஊற்றும் துளையில் வழியும்வரை ஊற்றினேன். வழிந்தால் அளவு சரி என்பதுதானே கணக்கு. தடத்தில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டுக் குனிந்து பார்த்தால் இடப்பக்க ஆக்சில் ஓரமெல்லாம் எண்ணெய். பட்டறையில் சீலை மாற்றினார்கள், கசிவு நின்றது. பழைய சீலை ஒரு டப்பாவில் போட்டுவைத்துவிட்டு மறந்துபோனேன்.

அடுத்த ஆண்டு மறுபடியும் நானே ஆயில் மாற்றினேன். மறுபடியும் அதே இடத்தில் ஈரம்.

இந்த முறை டிஃபரன்ஷியலின் வெளிக்கூடான ஹவுசிங் முழுவதையும் பிரேக் கிளீனரால் கழுவி, காயவைத்து, டால்கம் பவுடர் தூவி, நன்றாகச் சூடேறும்வரை ஓட்டினேன். பவுடர் மேலிருந்து கீழாக ஒரே கோடாக நனைந்திருந்தது. சீல் கசிந்தால் ஷாஃப்டைச் சுற்றியும் அதற்குக் கீழேயும்தான் நனையும். இங்கே சீலுக்கு ஒரு சாண் மேலேயே ஈரம் தொடங்கியிருந்தது. ஹவுசிங்கின் முதுகுக்கும் காரின் அடித்தகட்டுக்கும் இடையில் கைபேசியை நுழைத்துப் படம் எடுத்தேன். உள்ளே சூடேறும் காற்று வெளியேற விட்டிருக்கும் சின்னத் துளையான பிரீதரைச் சுற்றி எண்ணெய் குளம் கட்டி நின்றது.

என் காரில் ஊற்றும் துளை பின்னோக்கி இருக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கினால் துளை மேலேறிவிடும், ஆயில் முன்னால் உள்ள சின்னப் பல்சக்கரமான பினியன் பக்கம் ஓடிவிடும். ஆகவே வழிவதற்குள் அளவுக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. சூட்டில் அது விரியும். பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் அதைக் கடைந்து நுரையாக்கும். பிரீதர் வழியே வெளியே தள்ளும். பட்டறையில் சீல் மாற்றியபோது லிஃப்டில் சமமாக நிறுத்தி ஊற்றினார்கள். கசிவை நிறுத்தியது அதுதான். டப்பாவைத் தேடி எடுத்துப் பழைய சீலைத் தடவிப் பார்த்தேன். ஷாஃப்டை உரசும் அதன் உதடு புதியதுபோல் மென்மையாக இருந்தது. பட்டறையைக் குறை சொல்ல வாய் வரவில்லை, ஆயில் ஊற்றியது நான் என்பதை அவர்களிடம் நான் சொல்லவே இல்லை.

ஆகவே முதலில் ஈரத்தை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தக நாற்றம் அடிக்கும், ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். நாற்றம் இல்லையென்றால் முன்னாலிருந்து காற்றில் அடித்துவந்த என்ஜின் ஆயிலாக இருக்கலாம். கெட்டியான கறுப்புக் கிரீஸ் என்றால் ஆக்சில் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. சில கார்களில் டிஃபரன்ஷியலைத் தாங்கும் புஷ்ஷுக்குள்ளேயே திரவம் உண்டு, அது கிழிந்தாலும் இதே குழப்பம்தான்.

கியர் ஆயில்தான் என்றால், சமமான தரையில், ஆறிய பிறகு ஊற்றும் துளையைத் திறந்து பாருங்கள். குபுக்கென்று கொட்டினால் என் கதைதான் உங்களுக்கும். கொட்டவில்லையென்றால் பிரீதரில் ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் கசியவைக்கும். புதிய சீல் போட்டாலும் அதே கதிதான்.

ஈரம் முன்பக்கம், என்ஜின் பக்கமிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் புரொபெல்லர் ஷாஃப்ட் சேருமிடத்தில் இருந்தால் பினியன் சீல். சுழற்சியில் தெறித்து மேல்தகட்டில் குறுக்காகக் கோடு போட்டிருக்கும். அங்கே பினியனைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது, சீல் மட்டும் மாற்றுவது வீண். பினியன் முனையில் உள்ள நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்க யாரையும் விடாதீர்கள். பல கார்களில் அதன் பின்னால் நசுங்கும் குழாய் ஒன்று இருக்கிறது, பேரிங்கின் இறுக்கம் அதை நம்பித்தான் நிற்கிறது. கூடுதலாக நசுங்கினால் கழற்றிப் புதிது போடவேண்டியதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஈரம் ஆக்சிலைச் சுற்றியே தொடங்குகிறது என்றால் சீலைத் தாராளமாக மாற்றுங்கள். கழற்றும்போது சீல் உரசும் இடத்தில் ஷாஃப்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் அதையும் சரிசெய்தாக வேண்டும்.