மாமனாருக்காகத் தொடங்கிய பஃபே, கார்டில் 1.86 லட்சம் பாக்கி

கேள்வி: சென்னை அம்பத்தூரில் இருக்கிறேன். வயது 39, கைக்கு வரும் சம்பளம் 82,000. என் மாமனார் மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனியில் 31 வருடம் கிளார்க்காக இருந்தவர். தினமும் கன்னிமாரா ஹோட்டல் வழியாகத்தான் போவார், உள்ளே போனதில்லை. இரண்டு வருடம் முன்பு அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு எல்லோரையும் அங்கே பஃபேவுக்கு அழைத்துப் போனேன். நீச்சல் குளத்தைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்ததை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கப்புறம் மச்சான், “மாப்ளே, அடுத்தது எப்போ?” என்று கேட்டுக் கேட்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்றாகிவிட்டது. பில் எப்போதும் என் கார்டில்தான். இப்போது பாக்கி 1,86,000. மாதம் 9,500 கட்டுகிறேன், குறையவே இல்லை. வங்கியிலிருந்து 15 சதவீதத்தில் பர்சனல் லோன் தருகிறோம் என்கிறார்கள். வருடம் 10,000 கட்டணத்தில் ஒரு பிரீமியம் கார்டு எடுத்தால் பஃபேவில் ஒன்றுக்கு ஒன்று இலவசம், அதை எடு என்கிறார் மச்சான். எதை எடுக்கலாம்? ஃபிக்சட் டெபாசிட் 1.5 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 எஸ்ஐபி, லாக்கரில் ஆறு பவுன் இருக்கிறது.

பதில்: இரண்டையும் எடுக்க வேண்டாம்.

முதலில், உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 1854-இல் இம்பீரியல் என்ற பெயரில் தொடங்கி, கவர்னர் கன்னிமாரா பிரபுவின் பெயரை வாங்கிக்கொண்ட இடம் அது. எழும்பூர் நூலகத்துக்குப் பெயர் கொடுத்ததும் அதே ஆள்தான். அந்த வாசலை 31 வருடம் வெளியே இருந்து பார்த்த மனிதரை ஒரு நாள் உள்ளே அழைத்துப் போனது நல்ல செலவு. சிக்கல் அடுத்த தடவையிலிருந்து ஆரம்பிக்கிறது.

நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன். பெரியவர்கள் ஆறு பேர், தலைக்கு 2,400. பிள்ளைகள் மூன்று பேர், பாதி விலை. மொத்தம் 18,000. தெருமுனை ஹோட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அறை வாடகை நாளுக்கு 7,500-ஐத் தாண்டும் ஹோட்டலுக்குள் சாப்பிட்டால் 18. ஆக 21,240. பஃபேவில் யார் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒரே விலை. உங்கள் மாமியார் தட்டோடு எல்லாக் கவுண்டரையும் சுற்றிவிட்டு, கடைசியில் தயிர் சாதமும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். வரியோடு 2,832 ரூபாய்க்குத் தயிர் சாதம்.

இதில் மச்சான் குடும்பம் நாலு பேருக்கு மட்டும் 8,496. வருடத்துக்கு ஆறு தடவை என்றால் சுமார் 51,000. இரண்டு வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. சொந்தமாகத் தொழில் செய்கிறவர், பில் வரும் நேரம் பார்த்து ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். உங்கள் பாக்கியில் பாதிக்கு மேல் அவர் வீட்டுச் சாப்பாடுதான்.

ஆனாலும் உங்களைச் சாய்ப்பது அந்த 9,500. கார்டு ஸ்டேட்மென்ட்டில் ‘மினிமம் டியூ’, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டியது, என்று போட்டிருப்பதைக் கட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். உங்கள் கார்டில் வட்டி மாதத்துக்கு 3.6 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 6,700. அந்த வட்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1,200. ஆக 7,900 அப்படியே போய்விடுகிறது. அசலில் கழிவது 1,600 ரூபாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை 21,240 மேலே ஏறுகிறது. எப்படிக் குறையும்? பழைய பாக்கி இருக்கும்வரை புதிய செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கார்டைத் தேய்த்த அன்றே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். அந்த ஒரு பஃபேவுக்கு மட்டும் ஜிஎஸ்டியோடு மாதம் 900 ரூபாய் வட்டி.

டெபாசிட்டை உடையுங்கள். ஏழு சதவீதம் என்று வைத்தாலும் அது வருடத்துக்குத் தருவது 10,500. கார்டு அதை ஒன்றரை மாதத்துக்குள் விழுங்குகிறது. முன்கூட்டி எடுத்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். ஒன்றரை லட்சத்தையும் கார்டில் போட்டால் மிச்சம் 36,000. எஸ்ஐபியை மூன்று மாதம் நிறுத்தி, அந்த 5,000-ஐயும் சேர்த்து மாதம் 14,500 கட்டுங்கள். மூன்றாவது மாதம் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். முழுதும் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் சின்னதாக ஒரு வட்டி வரும், நாள் கணக்கில் மிஞ்சியது. அதையும் கட்டிவிடுங்கள். அதுவரை கார்டு அலமாரியில் இருக்கட்டும். நடுவில் அவசரம் வந்தால் வங்கியில் நகைக்கடன் வாங்க ஆறு பவுன் இருக்கிறதே.

பர்சனல் லோன் வட்டி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் லோனால் கார்டை அடைத்து, காலியான லிமிட்டில் மறுபடி தேய்த்து, ஆறு மாதத்தில் இரண்டு கடனோடு வந்து நின்றவர்கள் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். கையில் டெபாசிட் இருக்கும்போது அந்த வேலை எதற்கு?

பிரீமியம் கார்டைப் பற்றிக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. கட்டணம் ஜிஎஸ்டியோடு 11,800. ஒரு தடவை போனால் ஒரு சாப்பாடு மிச்சம் என்றால், கட்டணத்தை எடுக்கவே ஐந்து தடவை போக வேண்டும். அதற்குள் சலுகை போக 92,000 செலவாகியிருக்கும். மச்சானுக்கு அவ்வளவு பிடித்திருந்தால் அவர் பெயரில் எடுத்துக்கொள்ளட்டும்.

அவரிடம் நேரில் கணக்குப் பேச உங்களுக்குக் கூச்சம். சரி, அடுத்த தடவை “எப்போ?” என்று கேட்டால், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், “அவரவர் வீட்டுக் கணக்கு அவரவருக்கு, தலைக்கு 2,832, புக் பண்றதுக்கு முன்னாடி ஜிபே பண்ணிடுங்க” என்று போடுங்கள். பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். உங்கள் மனைவி முதலில் சங்கடப்படுவார். அவருக்கு இந்த 7,900 கணக்கைக் காட்டுங்கள். இதுவரை காட்டியிருக்க மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

கடன் முடிந்த பிறகு மாதம் 1,000 தனியாக ஒரு ஆர்டியில் (வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டு வாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை நீங்கள் இருவரும் மாமனார் மாமியாரும் போய்வர அது போதும். மகளுக்குப் பாதி விலைதான், கையிலிருந்து கொடுத்துவிடலாம். நடுவில் மாமனாருக்கு ஆசை வந்தால் அவரை மட்டும் அழைத்துப் போங்கள். அவர் கேட்டது அந்த நாற்காலியும் காபியும்தான். காபிக்கு பஃபே எடுக்க வேண்டியதில்லை, தனியாகவே கொண்டுவருவார்கள்.