விடுதியில் இறந்த ஒடிசா தொழிலாளி: குடும்பத்தைத் தேடுவது எப்படி?

கேள்வி: திருப்பூரில் தொழிலாளர் விடுதி நடத்துகிறேன். பனியன் கம்பெனியில் வேலை பார்த்த, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நான்கு நாட்களுக்கு முன் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். அழைத்து வந்த காண்ட்ராக்டரின் போன் அணைந்து கிடக்கிறது. ஒடிசாவில் கஞ்சம் பக்கம் என்று சொல்லியிருக்கிறார். வேறு விவரம் இல்லை. உடல் அரசு மருத்துவமனையில் இருக்கிறது. நானே வாங்கி அடக்கம் செய்யலாமா? அவருடைய பையையும் சம்பள பாக்கியையும் என்ன செய்வது?

பதில்: உறவினர் எவரும் வராத நிலையில், காவல் நிலையத்தின் தடையில்லாச் சான்றோடு நீங்கள் இறுதிச் சடங்கை ஏற்று நடத்தலாம், ஆனால் அதற்கு அவசரப்பட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் பேசும் மகன் என்றால், அந்த வீட்டில் இன்னும் யாருக்கும் சந்தேகமே எழுந்திருக்காது.

அவருடைய போன் காவல் நிலையத்தில் இருக்குமானால், அதை அணையவிடாமல் சார்ஜில் வைத்திருக்குமாறு ஆய்வாளரிடம் இன்றே எழுத்து மூலம் கேளுங்கள். பூட்டைத் திறக்க முடியாவிட்டாலும் வரும் அழைப்பை எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை வரும் ஓர் அழைப்பு எல்லா அலுவலகங்களையும்விட விரைவாக ஊரைக் காட்டிவிடும். சிம் யார் பெயரில், எந்த முகவரியில் வாங்கப்பட்டது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்டுப் பெறும் அதிகாரமும் காவல்துறைக்கு உண்டு. கைரேகையை ஆதாரில் பொருத்திப் பார்க்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். ஆதார் எண் தெரியாமல் கைரேகையை மட்டும் கொண்டு தேட இயலாது என்று ஆதார் ஆணையமே 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் கூறியிருக்கிறது.

அடுத்து கம்பெனிக்குச் செல்லுங்கள். அவரை இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) திட்டங்களில் சேர்த்திருந்தால் தந்தை பெயர், சொந்த முகவரி, நியமனதாரர் (நாமினி) பெயர் ஆகியவை அந்தப் பதிவுகளில் இருக்கும். கஞ்சம் ஒரு மாவட்டத்தின் பெயர். காவல் நிர்வாகத்தில் அது சத்ரபூரைத் தலைமையிடமாகக் கொண்ட கஞ்சம், பெர்ஹாம்பூர் என இரண்டாகப் பிரிந்திருப்பதால், இறந்தவரின் புகைப்படமும் அடையாளக் குறிப்புகளும் இரு காவல் கண்காணிப்பாளர்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் அனுப்பிவிட்டு பதில் இல்லை என்று கோப்பை மூடிவிடக் கூடாது.

ஆதரவற்று இறந்தவருக்கும் கண்ணியமான அடக்கம் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆஷ்ரய் அதிகார் அபியான் வழக்கில் ஏற்றுள்ளது. உரிமை கோரப்படாத உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போகவும் சட்டம் இடம் தருவதால், குடும்பத்தைத் தேடும் பணி நடக்கிறது என்பதை மருத்துவமனைக்கும் எழுதிக் கொடுங்கள். கடைசியில் யாருமே கிடைக்காவிட்டால், எரியூட்டாமல் புதைத்து, இடத்தைக் குறித்து வைத்து, மரபணு மாதிரியையும் பாதுகாக்கச் சொல்லுங்கள். ஓர் ஆண்டு கழித்து ஒரு தாய் வந்து நின்றால் காட்ட அதுவாவது இருக்கும்.

பையை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். சாட்சிகள் முன்னிலையில் பட்டியலிட்டு, மகஜர் (சாட்சிகள் கையெழுத்திடும் பதிவு) எழுதி, காவல் நிலையத்தில் ஒப்படைத்து, நகல் வாங்குங்கள். சம்பள பாக்கி நியமனதாரருக்கு உரியது. அவர் தெரியாதபோது கம்பெனி அதைச் சட்டம் குறிப்பிடும் அதிகாரியிடம் செலுத்த வேண்டுமேயன்றி, உங்களிடமோ காண்ட்ராக்டரிடமோ கொடுக்கக் கூடாது. பி.எஃப். சந்தாதாரர் என்றால் அதனோடு இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடும்.

அந்தப் பணத்துக்கெல்லாம் அடிப்படை இறப்புச் சான்றிதழ். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், சத்திரம், சாவடி, விடுதி ஆகியவற்றில் நேரும் இறப்பைத் தெரிவிக்கும் கடமையைப் பொறுப்பாளர் மீதே வைத்திருக்கிறது. அதாவது உங்கள் மீது. 21 நாட்களுக்குள் தெரிவியுங்கள். கம்பெனி ஆவணத்தில் பெயர் கிடைத்தால், ஆதாரில் உள்ள அதே எழுத்துகளோடு பதியச் சொல்லுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அதைத் திருத்த அந்தக் குடும்பம் ஒடிசாவிலிருந்து திருப்பூர் வரை அலைய நேரிடும்.