யார் எந்த அறையில் தூங்குகிறார்கள்?

அன்புள்ள அக்கா,

போன மழைக்காலத்தில் எங்கள் ஊருக்குள் ஆறு புகுந்தது. தண்ணீர் வடியும்வரை ஊரே சமுதாயக்கூடத்தில்தான் இருந்தது. சேர்ந்து சமைத்தோம், சேர்ந்தே சேறு அள்ளினோம். பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள்கூட அருகருகே பாய் விரித்தன. அது கலைந்துவிடக் கூடாது என்று இளைஞர்கள் சிலர் அங்கேயே மாலை வகுப்பு, தையல் பயிற்சி, மருத்துவ முகாம் எல்லாம் தொடங்கினோம். இப்போது பத்துப் பேர் வந்தால் அதிகம். நிவாரணப் பட்டியல் சண்டையும் ஓயவில்லை. வாங்கும்வரை வந்தார்கள், இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. மக்கள் நன்றி கெட்டவர்கள் என்றே தோன்றுகிறது. உடற்பயிற்சிக் கருவிகள் வாங்கிப் போட்டால் கூட்டம் வருமா? வேறு என்ன நடத்தலாம்?

ச.

அன்புள்ள தம்பி,

கருவிகள் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. பட்டியலைக் கூடத்துச் சுவரில் எல்லோரும் பார்க்க ஒட்டிவிடுங்கள், பாதிச் சண்டை அடங்கும்.

'நன்றி கெட்டவர்கள்' என்று எழுதினீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியாது. வெள்ளத்தில் போன கூலியை ஈடுகட்ட இருட்டும்வரை உழைக்கிறவர், மாலையில் உங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துதான் நன்றியைக் காட்ட வேண்டுமா? சேறு அள்ளியதில் அவர் கையும் இருந்தது. நீங்கள் கொடுத்தவர், அவர் வாங்கியவர் என்று எப்போது பிரித்தீர்கள்? உங்களுக்கு மனம் நொந்திருக்கிறது, அது புரிகிறது. அதற்காக இப்படிப் பேசக் கூடாது.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஹொகுடானைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஜப்பானில் அவாஜித் தீவில் இருந்த சிற்றூர். 1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46-க்கு நிலம் நடுங்கியது. 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்த பெரும் நிலநடுக்கம் அது. ஹொகுடான் அதன் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. வீடுகள் சரிந்து சுமார் 300 பேர் உள்ளே சிக்கினார்கள். அவர்களை மீட்டவர்கள் அக்கம்பக்கத்தாரும் ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவினரும்தான். அன்று மாலைக்குள் காணாமல் போனவர் என்று ஒருவர்கூட இல்லை. அவ்வளவு விரைவாக எப்படி முடிந்தது? எந்த வீட்டில் யார் எந்த அறையில் தூங்குவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இடிபாட்டை எல்லாப் பக்கமும் கிளறவில்லை, ஆள் இருக்கும் இடத்தில் தோண்டினார்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி எந்த அறையில் படுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெருக்கோடியில் தனியாக இருக்கிறவர் இரவில் கதவை உள்ளே தாழிடுவாரா? யாருக்குக் காது மந்தம், யாருடைய மாத்திரை தீர்ந்தால் ஆபத்து, யாரைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும்?

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊரிலும் வெள்ளம் வந்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். காது கேட்காத ஒரு பாட்டியை மட்டும் காணவில்லை. மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். என் தோழி ஒருத்திதான், இல்லை என்று அழுதாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டிக்கு மகனின் கடிதங்களை வாசித்துக் காட்டுகிறவள் அவள். மகன் இப்போது வர வேண்டாம் என்று எழுதியிருந்தது அவளுக்குத் தெரியும், பாட்டி பின்கட்டில் படுப்பதும் தெரியும். ஆட்கள் போய்ப் பின்கதவை உடைத்தபோது பாட்டி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார்.

ஊர்ப் படிப்பகத்தில் கடிதம் வாசித்துக் கொடுக்கும் வழக்கம் ஒன்று இருந்தது. பெரிய பிள்ளைகள் முறை வைத்துச் செய்வார்கள். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போவார்கள். என் தோழிக்கு அந்தப் பாட்டி அப்படித்தான் பழக்கமானார். எத்தனை பேர் வந்தார்கள் என்று அதற்கு யாரும் வருகைப் பதிவேடு வைத்ததில்லை.

இன்று கடிதம் இல்லை என்பீர்கள். விண்ணப்பம் இருக்கிறதே, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி இருக்கிறதே, மருந்துச் சீட்டு இருக்கிறதே. கூடத்தில் ஒரு மேசை போட்டு அவற்றைப் படித்துச் சொல்லுங்கள், நிரப்பிக் கொடுங்கள். வர முடியாதவர்களின் வீட்டுக்கு நீங்கள் போங்கள். உங்கள் பத்துப் பேரும் ஆளுக்கு ஐந்து வீடு என்று எடுத்துக்கொண்டால் ஐம்பது வீடு ஆகிறது. மேலே கேட்டவற்றுக்கெல்லாம் பதில் அங்கே கிடைக்கும். கையில் தாளோடு கணக்கெடுக்கப் போகாதீர்கள், உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

அப்புறம் கூடத்தின் சாவி. ஒரே ஆளிடம் இருந்தால் இன்றே மாற்றுச் சாவிகள் செய்து, கூடத்துக்குப் பக்கத்தில் இரண்டு வீடுகளில் கொடுங்கள். அவர் வெளியூர் போன இரவில் ஆறு வந்தால் என்ன செய்வீர்கள்? தையல் வகுப்புக்குப் பெண்கள் வருவது ஏன் நின்றது என்று அவர்களிடமே கேட்டீர்களா? வேலைநேரம்தான் காரணம் என்றால் வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள்.

அன்புடன்,
அக்கா