‘மறுகா’வைத் திருத்தச் சொன்னவர்: புதிதாக ரசிகர் புனைவு எழுதுவோருக்குக் கேள்வி பதில்

பிறர் படைத்த கதைமாந்தரை எடுத்துத் தம் கதையை எழுதும் ரசிகர் புனைவில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்து இளையவர்கள் பலர் இறங்கியிருக்கிறார்கள். பத்து வருடங்களாகப் பிறருடைய வரைவுகளை வாசித்துக் கொடுத்து வருபவள் என்ற முறையில் அவர்களுடைய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காரைதீவு: அக்கா, தோழி தன் முதற்கதையை வாசிக்கத் தந்திருக்கிறாள். கதை நன்றாக இல்லை. எப்படிச் சொல்வது?

“நன்றாக இல்லை” என்பதை வைத்துக்கொண்டு அவளால் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது, தங்கச்சி. வாசிக்கும்போதே பென்சிலால் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே நிறுத்திவிட்டு எழும்பிப் போனீர்கள், எங்கே திரும்ப வாசித்தீர்கள், எங்கே பேசுவது யாரென்று தடுமாறினீர்கள். ரசிகர் புனைவுக்கு நான்காவது ஒன்றும் உண்டு. ‘பொன்னியின் செல்வ’னில் ஆதித்த கரிகாலனின் ஓலையைச் சுமந்து வரும் வந்தியத்தேவன் வாய் ஓயாதவன், அவசரக்காரன், தேவைப்பட்டால் கூசாமல் பொய் சொல்பவன். உங்கள் தோழியின் கதையில் அவன் மூன்று பக்கங்கள் மௌனமாக இருந்தால், “இவன் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியவேண்டும்” என்று எழுதுங்கள். காரணம் அவள் மனத்தில் இருக்கும், தாளுக்கு வந்திராது. ல, ள, ழப் பிழைகளை வரிக்கு வரி சிவப்பு மையால் குறிக்காமல், எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்பதை ஒரு தடவை சொன்னால் போதும். பிடித்த இடத்தையும் இடம் சுட்டியே சொல்லுங்கள். “அருமை” என்பதும் “நன்றாக இல்லை” என்பதைப் போலவே அவளுக்கு எதையும் சொல்லாது.

ஏறாவூர்: பீட்டா வாசகர் என்பவர் யார்?

வெளியிடுவதற்கு முன் வரைவை வாசித்துக் குறை சொல்பவர். மென்பொருளை வெளியிடுமுன் சோதிக்கும் பீட்டாக் கட்டத்திலிருந்து வந்த பெயர். உங்களைப் புகழ்வதையே வழக்கமாகக் கொண்ட மச்சாளை இந்த வேலைக்குக் கேட்காதீர்கள்.

அக்கரைப்பற்று: பலர் வாசித்ததாக எண்ணிக்கை காட்டுகிறது. ஒரு கருத்தும் வரவில்லையே, அக்கா?

வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் பேசாமல் போய்விடுவார்கள். அது உங்கள் கதை மீதான தீர்ப்பு அன்று. கதைகளை வெளியிடும் தளமான வாட்பேடில் பத்திக்குப் பத்தி கருத்து இடலாம் என்பதால் சிறு குறிப்புகள் அங்கே எளிதாக வரும். ரசிகர் புனைவுகளுக்கான ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன் தளத்தில் அத்தியாயத்தின் அடியில்தான் எழுதவேண்டும். பலர் பாராட்டைக் காட்டும் குடோஸ் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அத்தியாய முடிவில் “எப்படி இருக்கிறது?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “படகுக் காட்சி நீண்டுவிட்டதா?” என்று கேட்டுப் பாருங்கள். குறைகளையும் வரவேற்கிறீர்கள் என்றால் அதை முன்குறிப்பில் எழுதிவிடுங்கள். அங்கே பலர் கேளாமல் குறை சொல்வதை நாகரிகக் குறைவாகக் கருதுவதால், நீங்கள் அழைக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார்கள்.

வாழைச்சேனை: ‘பொன்னியின் செல்வ’னின் பூங்குழலியை எங்கள் வாவிக் கரைக்குக் கொண்டுவந்து எழுதினேன். அவள் “மறுகா வாறன்” என்கிறாள். ஒருவர், “மறுகா எழுத்துப்பிழை, பிறகு என்று திருத்துங்கள்” என்று எழுதிவிட்டார். திருத்தவா?

திருத்தவேண்டாம், தம்பி. நம் மட்டக்களப்புப் பேச்சில் ‘மறுகா’ என்றால் ‘பிறகு’ என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் அந்த இடத்தில் தடுக்கியது உண்மை. அவர் சொன்ன திருத்தம் தவறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் வரும் கருத்துகளில் பாதி உங்களை வருத்தாது. தடுக்கலைப் போக்க, அடுத்த வரியில் அவள் சொன்னபடி பிந்தி வருவதைக் காட்டினால் போதும். உண்மையில் அவர் கண்டிருக்கவேண்டிய குறை வேறு: நீங்கள் அனுப்பிய வரைவில் அதே பூங்குழலி முதற்பக்கத்தில் “பிறகு” என்கிறாள். ஒரு வாய்க்கு ஒரு பேச்சைக் கொடுங்கள்.

கல்முனை: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். நம் கூத்துக் களரியிலேயே அரசர்கள் ஊர்ப்பேச்சில் பேசுவதில்லை. சோழர் காலத்துப் பாத்திரத்துக்கு ‘மறுகா’ பொருந்துமா, மகள்?

நல்ல தடை, ஐயா. ஆனால் பூங்குழலி அரசி அல்லள். கோடிக்கரையில் படகு விடுபவள். இளவரசி குந்தவை ‘மறுகா’ என்றிருந்தால் நானே காரணம் கேட்டிருப்பேன். தவிரவும், வாழைச்சேனைக்குக் கொண்டுவந்த பிறகு அவளைக் கோடிக்கரைக்காரியாகவே பேசவைப்பதுதான் விநோதமாக இருக்கும்.

களுவாஞ்சிகுடி: அப்படியென்றால் அடைப்புக்குறிக்குள் பொருள் தரலாமே?

உரையாடலின் நடுவே அடைப்புக்குறி வந்தால் பேசுகிறவளின் வாயைப் பொத்தியது போலிருக்கும். முன்குறிப்பில் தாருங்கள்.

கல்முனை, மீண்டும்: தமிழ்நாட்டு வாசகர் அத்தனை சிரமப்படுவாரா?

அவர்களுடைய மதுரைப் பேச்சையும் கோவைப் பேச்சையும் நாம் அகராதி இல்லாமலே வாசித்துப் பழகினோம், ஐயா. அவர்களும் பழகுவார்கள். இதை இத்துடன் விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஓட்டமாவடி: என் கதைக்குக் கருத்து வரவில்லை.

அக்கரைப்பற்றுக்கு எழுதிய பதிலை வாசியுங்கள்.

பொத்துவில்: பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

அது சட்டத்தரணியிடம் கேட்கவேண்டிய கேள்வி.

செங்கலடி: முடிவை மாற்றச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள், அக்கா.

1950இல் ‘கல்கி’ இதழில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954இல் முடிந்தபோது, கதை சட்டென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி முடிவை மாற்றவில்லை. முடிவுரை எழுதி அவர்களுக்கு விளக்கம் சொன்னார். நீங்களும் பின்குறிப்பு எழுதலாம். ஆனால் பலர் ஒரே இடத்தைச் சுட்டினால், அதற்கு முந்திய இரண்டு அத்தியாயங்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். குறை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

திருக்கோவில்: ஒருவர் கேவலமாக எழுதிவிட்டார். உடனே பதில் கொடுத்துவிட்டேன்.

இரவில் வாசித்த கருத்துக்கு இரவிலே பதில் எழுதாதீர்கள் என்று நான் யாருக்குத்தான் சொல்லவில்லை? கதையைக் குறை சொன்னவருக்கு “வாசித்ததற்கு நன்றி” போதும். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் வழக்காகிவிடும். உங்களை ஏசியவருக்குப் பதிலே தேவையில்லை, அழித்துவிடுங்கள்.

வாகரை: எனக்கும் கருத்து வரவில்லை.

அக்கரைப்பற்று.

வாழைச்சேனை, மீண்டும்: அக்கா, நாற்பது அத்தியாயங்களையும் அனுப்பவா?

முதல் அத்தியாயத்தை மட்டும் அனுப்புங்கள், தம்பி. நீங்கள் எதை அறிய விரும்புகிறீர்கள் என்பதை அதன் தலையில் ஒரு வரியில் எழுதி விடுங்கள். மற்றதை மறுகா பார்ப்போம்.